நாடகக்காரர்களுக்கு அறை வாடகைக்கு

எங்கள் ஊரில் வீடு கேட்டுப் போனால் முதலில் என்ன வேலை பார்க்கிறாய் என்பார்கள். கல்யாணம் ஆகாத பையன் என்றால் யோசிப்பார்கள். நாடகத்தில் நடிக்கிறேன் என்றால் யோசிக்கக்கூட மாட்டார்கள், கதவு சாத்தப்படும். நான் இப்போது குடியிருக்கும் வீட்டில் கதை நேர் எதிர். இங்கே ஒரு உபரி அறை இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் அது நாடகக்காரர்களுக்கு மட்டும்தான். சுற்றுலாப் பயணி, கம்பெனி அதிகாரி, யார் எவ்வளவு கொடுத்தாலும் கிடையாது.

வீடு இருப்பது ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரத்தின் மார்ச்மான்ட் பகுதியில். நூறு வருஷத்துக்கு மேல் பழசான கல் கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு வாயில் வரவே இல்லை. ஆறு மாதம் 'எக்ஸ்க்யூஸ் மீ' என்றே காலத்தை ஓட்டினேன். இங்கே பாட்டி என்றே எழுதுகிறேன், அதுதான் கைக்கு வருகிறது. ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த நான் சின்ன அறையில் இருக்கிறேன். பெரிய அறை அவர் மகனுடையது. மகன் லண்டனில். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் குடும்பத்தோடு வருவார். மற்ற நாட்களில் அங்கே இஸ்திரி மேஜையும் பழைய தையல் மெஷினும்தான் குடித்தனம்.

ஆகஸ்டில் மட்டும் ஏன் இந்த ஏற்பாடு என்று கேட்டால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1947இல், உலகப் போர் முடிந்த சூட்டில், எடின்பரோவில் சர்வதேசக் கலை விழா தொடங்கினார்கள். அழைப்பு கிடைத்தவர்கள் வந்தார்கள். அழைப்பே இல்லாமல் 8 நாடகக் குழுக்களும் வந்தன. கிடைத்த இடத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டன. அடுத்த வருஷமும் வந்தார்கள். விழாவின் ஓரத்தில் நடப்பதால் இதற்கு ஃப்ரிஞ்ச் என்று பெயர் வந்தது. இன்றைக்கு ஓரம்தான் பெரிது. வருஷத்துக்கு 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், ஏறக்குறைய 25 நாட்கள். பல்கலைக்கழக வகுப்பறை, தேவாலயக் கூடம், மதுக்கடையின் நிலவறை, எதையும் விடுவதில்லை. நான் பாடம் கேட்ட அறையிலேயே ஒருவர் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பாடத்தைவிடக் கூட்டம் அதிகம்.

இதன் பெருமையே தேர்வுக் குழு கிடையாது என்பதுதான். 1958இல் இதற்காக ஒரு சங்கம் அமைத்தபோதே, யாரையும் தேர்ந்தெடுப்பதும் இல்லை, யாரையும் தடுப்பதும் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். இடம் பிடித்து, கட்டணம் கட்டிப் பதிவு செய்தால் நீங்களும் போடலாம். டாம் ஸ்டாப்பர்டின் 'ரோசன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டர்ன் ஆர் டெட்' 1966இல் ஆக்ஸ்போர்டு மாணவர் குழு ஒன்று இங்கே போட்ட நாடகம்தான். 2013இல் 'ஃப்ளீபேக்' ஒற்றை ஆள் நாடகமாக இங்கேதான் முதலில் வந்தது. 2019இல் 'பேபி ரெய்ன்டீர்' அப்படித்தான். பிற்பாடு அவை எங்கே போயின என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அவர்கள் எல்லோரும் ராத்திரி எங்கேயோ படுத்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் பாட்டி வருகிறார்.

நாடகக்காரர்களுக்கு அறை விடுவது இந்த நாட்டில் பழைய தொழில். அந்த மாதிரி அறைகளுக்கு 'டிக்ஸ்' என்று தனிப் பெயரே இருக்கிறது. ரயில் வந்த பிறகு குழுக்கள் வாரம் ஒரு ஊர் என்று சுற்றின. சனிக்கிழமை ராத்திரி கடைசி ஆட்டம், ஞாயிறு ரயில், திங்கள் அடுத்த ஊர். கம்பெனி சம்பளம் தரும், படுக்க இடம் அவரவர் பாடு. அதனால் ஒவ்வொரு ஊரிலும் நாடகக்காரர்களுக்கென்றே அறை விடும் அம்மாக்கள் உருவானார்கள். அரங்கத்தின் பின்வாசலில் அவர்கள் விலாசப் பட்டியல் இருக்கும். மோசமான சாப்பாடு, ஈரப் படுக்கை, கறாரான விதிகள் என்று அந்த அம்மாக்களைப் பற்றி ஏகப்பட்ட கேலிக்கதைகள். எனக்குப் பிடித்தது வருகைப் புத்தகக் கதை. கிளம்பும்போது புத்தகத்தில் நாலு வார்த்தை எழுதச் சொல்வாராம் வீட்டுக்கார அம்மா. திட்டவும் முடியாது, பொய்யும் சொல்ல முடியாது. அதனால் எட்கர் ஆலன் போவின் அண்டங்காக்கைக் கவிதையிலிருந்து 'காக்கை சொன்னது' என்கிற பாதியை மட்டும் எழுதிவிட்டுப் போவார்களாம். காக்கை என்ன சொன்னது என்று அடுத்து வரும் நடிகருக்குத் தெரியும். இனி இந்தப் பக்கமே கிடையாது என்று அர்த்தம். அம்மாவுக்கு அது ஏதோ இலக்கியப் பாராட்டு.

(பாட்டியும் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார். முதல் காரியமாகக் காக்கை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.)

நம்மூரில் இதே பிரச்சினையை வேறு மாதிரி சமாளித்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபை முதலான பாய்ஸ் கம்பெனிகள் போகிற ஊரில் ஒரு வீட்டையே பிடித்துவிடும். கம்பெனி வீடு என்று பெயர். வாத்தியார், பையன்கள், சமையல்காரர் எல்லோரும் அதற்குள். பையனுக்கு வாடகைக் கவலை இல்லை, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. ஆனால் வாசற்படி தாண்ட அனுமதி வேண்டும். அவ்வை சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' புத்தகத்தில் அந்த வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே வருகிற நடிகருக்கு வாசற்படி பிரச்சினை இல்லை, சாவியைக் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். வாடகைதான் பிரச்சினை.

அதை எனக்குப் புரியவைத்தவர் 2023 ஆகஸ்டில் வந்தவர். வடக்கு இங்கிலாந்துப் பெண், முப்பது வயது இருக்கும். பஸ் ஓட்டிய தன் அப்பாவைப் பற்றி ஒரு மணி நேரத் தனி நாடகம். எழுதியவர், நடிப்பவர், துண்டுப் பிரசுரம் கொடுப்பவர், பெட்டி தூக்குபவர் எல்லாம் அவரே. மாலை 4.40க்கு ஆட்டம். பன்னிரண்டு மணிக்கே ராயல் மைல் தெருவில் நின்று போகிற வருகிறவர்களிடம் காகிதம் நீட்ட வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு மெடோஸ் மைதானத்தைக் கடந்து நடந்தே வீடு வருவார். அரங்கத்திலிருந்து பதினைந்து நிமிஷ நடை. டாக்ஸி வேண்டாம் என்பதாலேயே இந்த வீடு அவருக்குச் சொர்க்கம்.

பாட்டி எனக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். சமையலறையில் ஒட்டியிருக்கும் விதிகளில் (பன்னிரண்டுக்கு மேல் குளிக்கக் கூடாது, கீழ்வாசல் கதவை அறையக் கூடாது) இது கிடையாது, ஏனென்றால் இது எங்களுக்கானது. இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நடிகரிடம் கேட்கவே கூடாது. சாவி திரும்புகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்றார். நான் நம்பவில்லை. ஒரு வாரத்தில் எனக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. மூன்று பேர் வந்த நாளன்று சாவி துவாரத்தையே தேடவில்லை, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டது. நடிகர்களைவிடப் பார்வையாளர் ஒருவராவது கூட இருந்தால் ஆட்டம் நடந்தே ஆக வேண்டும் என்று ஒரு வழக்கம் சொல்வார்கள். தனி நாடகத்துக்கு இரண்டு பேர் போதும். மூன்று பேருக்காக அப்பாவின் சாவை நடித்துவிட்டு வந்திருந்தார்.

இரண்டாவது வாரம் ஒரு பத்திரிகை நான்கு நட்சத்திரம் கொடுத்தது. அன்று ராத்திரி இரண்டு மணி வரை சமையலறை மேஜையில் வேலை. நான்கு நட்சத்திரம் அச்சிட்ட சின்னக் காகிதப் பட்டைகளைக் கத்தரித்து ஒவ்வொரு பிரசுரத்திலும் ஸ்டேப்லர் பின் அடிக்க வேண்டும். பாட்டி கத்தரித்தார், நான் பின் அடித்தேன். ஊர் முழுக்க எல்லா நடிகர்களும் இதே வேலையைத்தான் செய்வார்கள். ஆகஸ்டில் ஸ்டேப்லர் பின் கடையில் தீர்ந்துபோகும் என்று பாட்டி ஜூலையிலேயே வாங்கி வைத்திருந்தார்.

அப்போதுதான் அவர் கணக்கு நோட்டைக் காட்டினார். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். 50 இருக்கை அரங்கம். சராசரியாக 17 பேர். டிக்கெட் 11 பவுண்டு. 24 ஆட்டங்கள். மொத்தம் 4,488 பவுண்டு. இதில் 40 சதவீதம் அரங்கத்துக்கு, 60 சதவீதம் நடிகருக்கு. கைக்கு வருவது ஏறக்குறைய 2,690. பதிவுக் கட்டணம், அச்சு, விளம்பரம், ரயில், ஒலி ஒளி உதவியாளர் எல்லாம் சேர்ந்து 1,900. மிச்சம் 790. பாட்டிக்கு வாரம் 180 வீதம் நான்கு வாரத்துக்கு 720. மிஞ்சியது 70 பவுண்டு. ஒரு மாத உழைப்புக்கு!

இதிலே சுவாரசியம் என்னவென்றால், அவருடைய தோழி ஒருத்திக்கு இப்படி அறை கிடைக்கவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் மாதத்துக்கு 2,000 பவுண்டு சொன்னார்களாம். அதே கணக்கில் 720க்குப் பதில் 2,000 போட்டுப் பாருங்கள். 1,210 பவுண்டு நஷ்டம். தோழி அந்த வருஷம் வரவே இல்லை. அவள் நாடகம் என்னுடையதைவிட நல்ல நாடகம் என்றார் இவர். தேர்வுக் குழு இல்லாத விழா என்று மேலே எழுதினேன் அல்லவா? குழு இருக்கிறது. ஆகஸ்ட் மாத வாடகைதான் அந்தக் குழு. நாடகத்தைப் படித்துப் பார்க்காமலேயே முடிவு சொல்லிவிடும்.

அப்படியென்றால் பாட்டி ஏன் குறைவாக வாங்குகிறார்? தர்ம சிந்தனை என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் சரி. குடியிருக்கும் வீட்டிலேயே அறை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு 7,500 பவுண்டு வரை வரி கிடையாது என்று 2016 ஏப்ரலிலிருந்து இந்த நாட்டில் சலுகை. நான் மாதம் 500 வீதம் 6,000 கொடுக்கிறேன். நாடகக்காரர் 720. மொத்தம் 6,720. எல்லைக்குள் நிற்கிறது. 2,000 வாங்கினால் தாண்டிவிடும், அப்புறம் வரித் துறைக்குக் காகிதம் நிரப்ப வேண்டும். பாட்டிக்குக் காகிதம் நிரப்புவதைவிட ஏழையாக இருப்பது மேல். தர்மம் பாதி, வரி பாதி. எனக்கு இந்த விளக்கம் அவர் மீது மரியாதையைக் கூட்டத்தான் செய்தது. முழு தர்மம் என்றால் வாங்குகிறவருக்குக் கூச்சமாக இருக்கும்.

காகிதம் அவரை விடவில்லை. ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகைக்கு உரிமம் வேண்டும் என்று 2022இல் சட்டம் வந்தது. ஏற்கனவே அறை விட்டுக்கொண்டிருந்தவர்கள் 2023 அக்டோபர் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும். நான் வருஷக்கணக்கில் இருக்கிறேன், எனக்கு இது பொருந்தாது. நாலு வாரம் தங்கும் நடிகருக்குப் பொருந்தும். ஒரே வீடு, ஒரே கெட்டில், சட்டத்தின் கண்ணில் நாங்கள் வேறு வேறு ஜாதி. எரிவாயுச் சான்றிதழ், மின்சாரச் சோதனை, ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரம், தண்ணீர்க் குழாயில் கிருமி வருமா என்ற ஆய்வு, காப்பீடு. சாப்பாட்டு மேஜையில் காகிதம் குவிந்தது. வருஷத்தில் ஆறு வாரத்துக்கு மட்டும் தற்காலிக விலக்கு வாங்கலாம்தான், அதற்கும் விண்ணப்பம், கட்டணம் உண்டு. கீழ் மாடியில் இருபது வருஷமாக நடிகர்களுக்கு அறை விட்டுவந்த தம்பதி, போதும் சாமி என்று நிறுத்திவிட்டார்கள். லண்டன் மகனும் ஃபோனில் அதையேதான் சொன்னார்.

சட்டம் தப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே வந்த புதிதில் நானே இரண்டு மாதம் அறை கிடைக்காமல் ஒரு நண்பனின் சோபாவில் கிடந்தவன். இந்த மாதிரிக் கட்டடங்களில் வீடு வீடாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு மாற்றிவிட்டார்கள். குடியிருப்பவர்களுக்கு மிஞ்சியது ராத்திரி இரண்டு மணிக்குப் படியில் ஏறும் சக்கரப் பெட்டிச் சத்தம்தான். அதைக் கட்டுப்படுத்த வேண்டியதுதான். ஆனால் பத்து வீட்டை வைத்துத் தொழில் செய்கிறவருக்கு ஒரு கட்டுக் காகிதம் என்பது ஒரு குமாஸ்தாவின் அரைநாள் வேலை. ஒரே ஒரு அறை வைத்திருக்கும் எழுபது வயதுக்காரருக்கு அது ஒரு குளிர்காலம். வலை வீசினால் சின்ன மீன்தான் மாட்டியது.

பாட்டி மூன்று வாரம் யோசித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். தங்குவோர் எண்ணிக்கை என்ற இடத்தில் இரண்டு என்று போடச் சொன்னார். பெரிய அறையில் ஒருவர்தானே தங்குகிறார் என்றேன். இருக்கட்டும் என்றார். செலவை ஈடுகட்ட வாடகை வாரம் 200 ஆனது. அந்த 20 பவுண்டு ஏற்றத்தை அடுத்த வருஷ ஆட்களுக்கு எழுதுவதற்குள் நாலு முறை அடித்துத் திருத்தினார்.

2024இல் வந்தவர்கள் கோமாளி நாடகம் போடும் இரண்டு பையன்கள். வந்த மூன்றாம் நாள் பெரிய அறையிலிருந்து கடும் ஓட்கா வாசனை. பாட்டி முகம் மாறிவிட்டது. விசாரித்தால், குடிக்கவில்லையாம்! தினமும் துவைக்க முடியாத கனமான உடைகளுக்கு ஓட்காவில் தண்ணீர் கலந்து தெளித்தால் வியர்வை நாற்றம் போய்விடும், நாடக உலகத்தில் எல்லோரும் செய்வதுதான் என்றார்கள். பாட்டிக்கு இந்த வித்தை தெரியும், மறந்துபோயிருக்கிறார். மலிவான ஓட்காவாக வாங்குங்கள் என்று மட்டும் சொன்னார். ஒருவனுக்குத் தொண்டை கட்டியபோது நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். ரசத்தால் குரல் திரும்பியது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததால் திரும்பியது. ஆட்டத்தில் வசனமே இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

அவர்கள் படி கழுவிய கதையும் சொல்லியாக வேண்டும். இங்கே பொதுப் படிக்கட்டை வீட்டுக்கு ஒரு முறை வைத்துச் சுத்தம் செய்வார்கள். உங்கள் முறை என்று ஒரு அட்டையைக் கதவில் மாட்டிவிடுவார்கள். அட்டை எங்கள் கதவுக்கு வந்த வாரம், பையன்கள் இருவரும் கோமாளி உடையிலேயே வாளியும் துடைப்பமுமாக இறங்கிவிட்டார்கள். நாலு மாடிக் கதவும் திறந்தது. அறை விடுவதை நிறுத்திய அந்தத் தம்பதி உட்பட ஏழு டிக்கெட் விற்றது. ராயல் மைலில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் அவ்வளவு விற்காது.

2025இல் பஸ் ஓட்டுநரின் மகள் புது நாடகத்தோடு வருவதாக எழுதியிருந்தார். ஏப்ரலில், வரவில்லை என்று இன்னொரு கடிதம். அரங்கத்துக்குக் கட்ட வேண்டிய முன்பணம் சேரவில்லை. பாட்டி அறைக்குப் பணமே வேண்டாம் என்று பதில் போட்டார். அதை ஏற்றுக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது என்று நன்றி சொல்லி மறுத்துவிட்டார். அந்த அறைக்கு வேறு ஒருவர் வந்தார். நல்ல பிள்ளைதான், பாத்திரம் கழுவி வைப்பார். செலவை அப்பா பார்த்துக்கொள்கிறார் என்று வந்த அன்றே சொன்னார். ராத்திரி சாவி சத்தத்தில் எதுவும் தெரியவில்லை. தினமும் ஒரே மாதிரி திறந்தது.

இந்தக் குளிர்காலத்தில் பாட்டி புது டைரியை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். 2026 ஜூலை 24 என்று தேதி குறித்து நகராட்சி கொண்டுவந்த தங்கும் வரியைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். வாடகையில் 5 சதவீதம், அதுவும் முதல் 5 இரவுகளுக்கு மட்டும். நடிகருக்கும் உண்டு. அதைப் பற்றி இல்லை. ஆகஸ்டில் நீ ஊருக்குப் போவதாக இருந்தால் உன் அறையும் காலிதானே என்று கேட்டார். உரிமத்தில் இரண்டு பேர் என்று போட்டது நினைவுக்கு வந்தது. எனக்கு ஒரு மாத வாடகை மிச்சம், அம்மா கையால் சாப்பாடு. அறை பஸ் ஓட்டுநர் மகளின் தோழிக்காம். போன முறை 2,000 கேட்டதால் வராமல் போனவள்.

சரி என்று சொல்வதற்கு முன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது பதினோரு மாதத்துக்கு 5,500. இரண்டு அறைக்கு 800 வீதம் 1,600. மொத்தம் 7,100. எல்லைக்குள்தான் வருகிறது. பாட்டி ஏற்கனவே போட்டுப் பார்த்திருந்தார், டைரியின் ஓரத்தில் பென்சிலில் இருந்தது. சரி என்றேன். என் கம்பளிச் சட்டைகளை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள், ஓட்கா வாசனை லேசில் போகாது என்றேன்.